ஒரிஜினலா, லோக்கலா? எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கும் கதை

நீங்கள் கேட்டது இதுதான். கும்பகோணத்தில் இருக்கிறீர்கள். மாடித்தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விட ஈஎஸ்பி32 என்கிற, வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டில் ஒரு சர்க்யூட் செய்கிறீர்கள். சென்னை வந்தபோது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கிய ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு டிரான்சிஸ்டர்), 12 வோல்ட் பம்பை ஓட்டும்போது கை வைக்க முடியாமல் சுடுகிறது. டூப்ளிகேட் என்று சந்தேகப்படுகிறீர்கள். ஆன்லைனில் பார்த்தால் சாமான் விலையைவிட டெலிவரி காசு அதிகம். "பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் எல்லாம் எங்கேதான் வாங்குகிறார்கள்?" என்று முடித்திருக்கிறீர்கள். நான்கு கடைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எந்தச் சாமானை யாரை நம்பி வாங்கலாம் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் ஒரு பாலிடெக்னிக்கின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் 19 வருடம் வேலை பார்த்தவன். ஒவ்வொரு ஜூன் மாதமும் லேபுக்கு வேண்டிய சாமான் பட்டியலோடு ரிச்சி தெருவுக்குப் போய் வந்தது நான்தான். அதற்கு முன்னால் இரண்டு வருடம் டிவி ரிப்பேர் கடையில் இருந்தேன். செல்போன், லேப்டாப் சர்வீஸ் சாமான் பக்கம் நான் போனதில்லை, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விலையும் சொல்லப்போவதில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் தப்பாகிவிடும்.

வீட்டில் வைத்தே சரிபார்க்கக் கூடியது, சரிபார்க்க முடியாதது என்று சாமானை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். ரெசிஸ்டர் முதல் வகை. மல்டிமீட்டரை வைத்தால் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும். எல்இடி, ஸ்விட்ச், ரிலே, சாதாரண டையோடு, டெர்மினல் பிளாக், ஹெடர் பின், புள்ளி புள்ளியாய் ஓட்டை போட்ட ஜெனரல் பர்ப்பஸ் போர்டு எல்லாம் இதே ரகம். இவற்றை எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு. பேட்டரி, பவர் டிரான்சிஸ்டர், ரெகுலேட்டர் ஐசி, அளவு துல்லியமாக இருக்க வேண்டிய சென்சார், பெரிய கெப்பாசிட்டர் ஆகியவை இரண்டாவது வகை. இவற்றின் மேல் அச்சடித்திருப்பதை நம்புவதைத் தவிர வழியில்லை. அச்சடிக்க லேசர் மெஷின் போதும்.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். பவர் சப்ளை பரிசோதனைக்காக வாங்கிய 2என்3055 டிரான்சிஸ்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. இது பழைய காலத்து இரும்புத் தொப்பி டிரான்சிஸ்டர், வேப்பங்கொட்டை மாதிரி முட்டை வடிவத் தகட்டின் மேல் உருண்டையாக ஒரு மூடி இருக்கும். 15 ஆம்பியர், 115 வாட் தாங்க வேண்டும். எங்களிடம் 2 ஆம்பியரிலேயே செத்தது. வைஸில் கவ்வி, ரம்பத்தால் மூடியை அறுத்துப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன் ஒரு ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய பழைய ஒன்றையும் கூடவே அறுத்தேன். பழையதில் சிலிக்கன் துண்டு சுண்டு விரல் நகத்தில் பாதி இருந்தது. புதியதில் நான்கு எள்ளைச் சேர்த்து வைத்த அளவு. மூடி, எடை, எழுத்து, கால் எல்லாம் ஒன்றேதான். மல்டிமீட்டரில் வைத்தால் இரண்டும் நல்ல டிரான்சிஸ்டர். சுமை ஏற்றும்போதுதான் சாயம் வெளுக்கிறது. விற்ற கடைக்காரருக்கே தெரிந்திருக்குமா என்றால், அநேகமாகத் தெரிந்திருக்காது. அவருக்கு மேலே இருந்து பையில் வந்தது, கீழே பையில் போனது.

பேட்டரியில் இதைவிட மோசம். 18650 என்கிற லித்தியம் செல்லில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகள் போட்டு வருவதே ஏறக்குறைய 3500 எம்ஏஎச் தான். 5000-க்கு மேல் எண் போட்டிருந்தால் சோதிக்கக்கூட வேண்டாம், அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். எடை போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி: நல்ல செல் பெரும்பாலும் 45 கிராம் வாக்கில் இருக்கும். மளிகைக் கடைத் தராசு வேண்டாம், நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவி, புது பிளாஸ்டிக் உறை மாட்டி விற்கும் செல்களும் உண்டு. எடை சரியாகவே இருக்கும், ஆனால் உள்ளே உயிர் இருக்காது. லித்தியம் செல் தீப்பிடிக்கக் கூடிய சாமான். இதில் மட்டும் பத்து ரூபாய் மிச்சம் பார்க்காதீர்கள்.

கெப்பாசிட்டரில் பெரிய கூட்டுக்குள் சின்னதை வைத்து மூடும் வித்தை நடக்கிறது. மைக்ரோஃபாரட் அளவை மீட்டரில் பார்த்துவிடலாம். வோல்டேஜ் தாங்குமா என்பதைப் பார்க்க முடியாது. சின்ன சர்க்யூட்டில் இதற்கு எளிய மருந்து, 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் போடும் இடத்தில் 35 வோல்ட் போட்டுவிடுவது.

சரி, ரிச்சி தெருவுக்கு வருவோம். அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். முதல் முறை போகிறவர்கள் தெருமுகப்பைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புவார்கள், ஏனென்றால் முகப்பில் இருப்பதெல்லாம் சிசிடிவி கேமரா, லேப்டாப், செல்போன் உறை, ஸ்பீக்கர். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும், பழைய காம்ப்ளெக்ஸ்களின் மாடிப்படி ஏறினால் ஒரு ஆள் மட்டும் நிற்கும் அளவு கடைகளிலும். ஒரு கடையில் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும், இன்னொன்றில் கனெக்டர் மட்டும், வேறொன்றில் ஒயர், பெட்டி, ஃபேன் என்று பிரிந்து கிடக்கும். ஐசி கடையில் ஹீட் சிங்க் கேட்டால் கிடைக்காது, ஆனால் பையனை அனுப்பி எங்கிருந்தாவது வாங்கிவரச் செய்வார்கள், அதற்கு ஒரு லாபம் வைத்து. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேலை நாளில் காலை பதினொன்றரை வாக்கில் போவது நல்லது. பிப்ரவரி, மார்ச் மாதம் போகாதீர்கள். இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்காக மொய்த்துக்கொண்டிருப்பார்கள், கடைக்காரருக்கு நம்மோடு பேச நேரம் இருக்காது.

அங்கே யாரும் மரியாதைக் குறைவாக நடப்பதில்லை, பொறுமைதான் குறைவு. "மோட்டார் ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர் வேணும்" என்று கேட்டால் "நம்பர் சொல்லுங்க சார்" என்பார்கள். நம்பர் இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்த்துவிடுவார்கள். எனவே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: முழு நம்பர், எத்தனை, எந்த பேக்கேஜ் (சாமானின் வெளிக்கூட்டு வடிவம்), என்ன வோல்டேஜ். போனில் வைத்திருந்து காட்டுவதைவிடத் தாள் நல்லது, ஏனென்றால் அவர் அதை வாங்கி மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். ரெசிஸ்டரை ஒன்றிரண்டாகக் கேட்காதீர்கள், நூறு உள்ள பாக்கெட்டாகக் கேளுங்கள். கடைக்கு வேலை மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம். முதல் கொள்முதலுக்கு 220 ஓம், 1 கே, 4.7 கே, 10 கே, 100 கே என ஐந்து பாக்கெட் இருந்தால் வருடக்கணக்கில் ஓடும்.

பட்டியலைக் கொடுத்ததும் சில கடைகளில் ஒரு கேள்வி வரும்: "ஒரிஜினலா, லோக்கலா?" அந்தக் கேள்வியைக் கேட்கிற கடை நல்ல கடை. கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நாமே கேட்க வேண்டும். ஒரிஜினல் என்று கொடுத்தால் அது ஒரிஜினல்தானா என்றால், அதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். இரண்டுக்கும் விலை வித்தியாசம் நாலைந்து மடங்கு இருந்தால், மலிவானது நிச்சயமாக ஒரிஜினல் இல்லை என்று மட்டும் சொல்லலாம். விலை அதிகமாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

இன்னொரு ஆபத்து டூப்ளிகேட்டைவிட அதிகமாக நடக்கிறது. "அது இல்ல சார், இது அதே தான், போடுங்க" என்று ஈக்வலன்ட் கொடுப்பது. பிசி547 என்கிற சின்ன டிரான்சிஸ்டரின் தட்டை முகத்தை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தால் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளாஸ்டிக்கில் வரும் பிஎன்2222-ல் அது தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். நம்பரின் முன்பகுதியில் ஒரு 2 சேர்ந்து பி2என்2222 என்று வந்தால் மறுபடியும் கலெக்டர் முதலில். மாணவர்கள் ஒரு மதியம் முழுக்க "சார், வேலை செய்யலை" என்று உட்கார்ந்திருந்ததற்கு இந்த ஒரு 2 தான் காரணம். ஈக்வலன்ட் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் கடையிலேயே போனில் டேட்டாஷீட்டை, அதாவது கம்பெனி தரும் விவரத்தாளை, திறந்து கால் வரிசையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஐசி விஷயத்தில் 2014-ல் நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். யூஎஸ்பியை சீரியலாக மாற்றும் எஃப்டி232 சிப்புக்கு உலகம் முழுக்க போலிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதைச் செய்யும் எஃப்டிடிஐ கம்பெனி, விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவரை அனுப்பியது. அது போலிச் சிப்பைக் கண்டுபிடித்து அதன் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. ஒரே இரவில் பலருடைய போர்டுகள் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போயின. எதிர்ப்பு கிளம்பியதும் டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலியை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது போலி என்றே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. புரோகிராம் எழுதிப் பழக எல்லோரும் வாங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. யூஎஸ்பி வேலைக்கு சிஎச்340 என்கிற மலிவு சிப் போட்டு வரும் மலிவான ஊனோ போர்டு போலியல்ல, இன்னொருவர் செய்த அதே போர்டு. ஆர்டுயினோ என்ற பெயரையும் சின்னத்தையும் போட்டு விற்றால்தான் அது ஏமாற்று. பழகுவதற்கு அந்த மலிவு போர்டே போதும், நான் லேபுக்கு அதைத்தான் வாங்கினேன்.

நிச்சயமாக அசல் வேண்டும் என்றால் கம்பெனிகளின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடம் போக வேண்டும்: டிஜிகீ, மவுசர், எலிமென்ட்14, ஆர்எஸ். அவர்கள் உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வாங்குவதால் நடுவில் கலப்படத்துக்கு இடமில்லை. பெரும்பாலான சாமானை ஒன்றே ஒன்று கேட்டாலும் கொடுப்பார்கள். குறை என்னவென்றால் தபால் செலவும் வரியும். அதனால் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்டர் போடுவதுதான் கட்டுப்படியாகும். வாங்கவில்லை என்றாலும் அவர்களுடைய வலைத்தளத்தைப் பழகிக்கொள்ளுங்கள். வோல்டேஜ், ஆம்பியர், பேக்கேஜ் என்று வடிகட்டி வடிகட்டி ஒரு நம்பருக்கு வந்து சேரலாம், டேட்டாஷீட் அங்கேயே இருக்கும். அந்த நம்பரை எழுதிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

நடுவில் இருப்பவை இந்திய ஆன்லைன் கடைகள். புனேயின் ரோபு, பெங்களூரின் ரோபோகிரேஸ், அகமதாபாத்தின் சன்ரோம் என்று பல இருக்கின்றன. சென்சார் மாட்யூல், ஈஎஸ்பி32, டிஸ்ப்ளே, மோட்டார், பம்பு இவற்றுக்கு உங்களைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு இதுதான் சரியான இடம். ரூபாயில் பில், சுங்கத் தொல்லை இல்லை. ஒரே சாமானுக்காக ஆர்டர் போடாமல், சுவரில் ஒரு தாளை ஒட்டி, தேவைப்படுவதை அவ்வப்போது எழுதி, பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் போட்டால் டெலிவரி காசு உறுத்தாது. நேராக சீனாவிலிருந்து வரவழைப்பது முன்பு சுலபமாக இருந்தது. 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் செயலி தடைசெய்யப்பட்ட பிறகு பொழுதுபோக்காளர்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டியதாயிற்று. ஷென்சென் நகரத்து எல்சிஎஸ்சி மாதிரி இடங்களிலிருந்து இப்போதும் வாங்குகிறவர்கள் உண்டு. கூரியர்காரர்கள் அடையாளச் சான்று கேட்பார்கள், வரி கட்ட வேண்டியிருக்கும். வைஃபை, ப்ளூடூத் உள்ள போர்டு என்றால் அனுமதிச் சான்று கேட்டு சுங்கத்தில் நிறுத்திவைக்கவும் வாய்ப்புண்டு. ஈஎஸ்பி32-ஐ இங்கேயே வாங்கிவிடுங்கள்.

உங்கள் ஊரை மறந்துவிட்டீர்கள். எந்த ஊரிலும் டிவி, ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் விற்கும் கடை ஒன்றாவது இருக்கும். 1என்4007, 7805, பிசி547, என்இ555, சால்டரிங் ஈயம், 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அங்கே கிடைக்கும். உள்ளூர் மெக்கானிக் யாரையாவது கேட்டால் வழி சொல்வார். போகும்போது, தூக்கிப்போடும் பழைய போர்டு இருந்தால் விலைக்குத் தருவாரா என்றும் கேளுங்கள். பழைய சிஆர்டி டிவி போர்டு ஒன்றில் நல்ல பவர் டையோடு, ஹீட் சிங்க், ஃப்யூஸ் ஹோல்டர், ஒயர் எல்லாம் தேறும். அந்தக் காலத்து அசல் சாமான். ஆனால் மின்சாரம் நேரடியாக வரும் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அதை முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சால்டரான் கம்பெனியின் 25 வாட் சால்டரிங் ஐயர்ன் போதும், பல வருடம் உழைக்கும். ஈயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 60-க்கு 40 அல்லது 63-க்கு 37 விகிதம் போட்ட, உள்ளே ரோசின் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பிசின்) உள்ள, 0.8 மில்லிமீட்டர் கம்பி கேளுங்கள். 63-37 கலவை 183 டிகிரியில் சட்டென்று உருகி சட்டென்று உறையும். விகிதமே அச்சடிக்காத உருண்டைகளில் டின் குறைவாக இருக்கும், ஜாயின்ட் சாம்பல் பூத்த மாதிரி வரும், நம் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். மஞ்சள் நிற 830 ரக மல்டிமீட்டர் பழக நல்லதுதான். அதன் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் அன்ஃப்யூஸ்டு, அதாவது ஃப்யூஸ் இல்லை, என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு, வீட்டுக் கரன்ட் பக்கம் அதைக் கொண்டுபோகாமல் இருங்கள்.

அப்புறம் உங்கள் மாஸ்ஃபெட். அது டூப்ளிகேட்டா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அசலாக இருந்தாலும் அது சுடத்தான் செய்திருக்கும். ஐஆர்எஃப்இசட்44என் முழுமையாகத் திறக்க, கேட் என்கிற அதன் கட்டுப்பாட்டுக் காலில் 10 வோல்ட் எதிர்பார்க்கிறது. டேட்டாஷீட்டில் அதன் ரெசிஸ்டன்ஸ் 10 வோல்ட்டுக்குத்தான் உத்தரவாதம். திறக்கத் தொடங்கும் அளவே 2 முதல் 4 வோல்ட் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஈஎஸ்பி32 கொடுப்பது 3.3 வோல்ட். பாதி திறந்த குழாய் மாதிரி நிற்கிறது, மிச்ச மின்சாரம் சூடாகப் போகிறது. எஃப் இருக்கும் இடத்தில் எல் வந்தால், அதாவது ஐஆர்எல்இசட்44என் என்றால், 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும், 3.3-லும் சின்ன பம்புக்குப் பெரும்பாலும் சமாளிக்கும். அந்த ஓர் எழுத்தைத்தான் கடையில் "அதே தான்" என்று மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். உங்கள் பட்டியலிலேயே எஃப் என்று எழுதியிருந்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை.

கையில் இருப்பதைத் தூக்கிப்போட வேண்டாம். உள்ளூர்க் கடையில் ஒரு பிசி547 வாங்குங்கள். ஈஎஸ்பி32 பின்னிலிருந்து 4.7 கே வழியாக அதன் பேஸ், எமிட்டர் கிரவுண்ட், கலெக்டர் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு. கேட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு ஒரு 10 கே. பம்பின் குறுக்கே 1என்4007, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இப்போது கேட்டுக்கு முழு 12 வோல்ட் கிடைக்கும், அது 20 வரை தாங்கும். புரோகிராமில் ஆன், ஆஃபைத் திருப்பிப் போட வேண்டும், ஏனென்றால் பின் லோவாக இருக்கும்போதுதான் பம்பு ஓடும். இன்னொன்று, கரன்ட் கொடுத்ததும் ஈஎஸ்பி32 விழித்து அந்தப் பின்னை ஹை ஆக்கும் வரை பம்பு ஓடிக்கொண்டிருக்கும். முதல் முறை ஆன் செய்யும்போது குழாயைத் தொட்டியில் விடாமல் வாளியில் விட்டுவையுங்கள்.